ஆர்செனிக் தாங்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுப்பது எப்படி: மண் மாதிரி முதல் கழிவுப் புட்டி வரை

டிசம்பர் பிறந்தால் போதும், நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி புராஜெக்ட் தொடங்கிவிடும். அதில் ஒன்றிரண்டு பேராவது ஆர்செனிக் தாங்கும் பாக்டீரியா என்ற தலைப்போடு வருவார்கள். நானும் அப்படி வந்தவள்தான். முதல் முறை நியூட்ரியன்ட் அகாரில் ஆர்செனேட் கலந்து ஊற்றினேன், வந்த காலனி எல்லாம் "எதிர்ப்பு" என்று குறித்தேன். பாஸ்பேட் குறைந்த ஊடகத்துக்கு மாற்றியதும் கையில் இருந்ததில் பாதிக்கு மேல் காணாமல் போயின. இந்த வேலையில் புதியவர்கள் இடறும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் பாஸ்பேட் என்ற அந்த ஒரே உப்புதான் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஊடகம் முதலில், மாதிரி பிறகு. வரிசையை மாற்றாதீர்கள்.

1. என்ன கேள்வி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஆர்செனிக் தண்ணீரில் பெரும்பாலும் இரண்டு வடிவில் இருக்கும். ஆர்செனேட்டில் அது ஐந்து இணைதிறன் நிலை, ஆர்செனைட்டில் மூன்று. ஆர்செனேட் பார்க்கப் பாஸ்பேட் மாதிரியே இருப்பதால், செல் பாஸ்பேட்டை உள்ளே இழுக்க வைத்திருக்கும் வாசல் வழியாகவே நுழைந்துவிடும். ஆர்செனைட் வேறு வழியில் போய், புரதங்களின் கந்தகப் பகுதியைப் பிடித்துக்கொண்டு வேலையைக் கெடுக்கும். இரண்டில் அதிக நஞ்சு ஆர்செனைட்தான்.

பாக்டீரியா செய்யும் வேலைகளும் வேறு வேறு. மிகப் பரவலானது, ஆர்ஸ்சி என்ற நொதியால் ஆர்செனேட்டை ஆர்செனைட்டாக ஒடுக்கி, ஆர்ஸ்பி அல்லது ஏசிஆர்3 என்ற பம்பு வழியே வெளியே தள்ளுவது. சில பாக்டீரியாக்கள் அயோ நொதியால் ஆர்செனைட்டை ஆர்செனேட்டாக ஆக்சிஜனேற்றும். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் ஒரு தங்கச் சுரங்கத்தில் கிடைத்த என்டி-26 அந்த வகை. ஆர்செனைட்டிலிருந்து ஆற்றல் எடுத்து, கார்பன் டைஆக்சைடை வைத்தே வளரக்கூடியது.

"தாங்குகிறதா", "மாற்றுகிறதா", "எந்தத் திசையில் மாற்றுகிறது" ஆகிய மூன்றும் மூன்று சோதனைகள். நான்கு மாதப் புராஜெக்டுக்கு முதலாவதும் மூன்றாவதும் போதும்.

2. எங்கிருந்து மாதிரி? கறுப்பு மணலை விட்டுவிடுங்கள்

நம் மாவட்டத்தில் "சுரங்கம்" என்றதும் எல்லோர் கண்ணும் மணவாளக்குறிச்சிக்குத்தான் போகும். கறுப்பு மணல், கனிமம், அப்படியானால் ஆர்செனிக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த மணலில் இருப்பது இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், சிலிமனைட், மோனசைட். இவற்றில் எதுவும் ஆர்செனிக் தாது அல்ல. மோனசைட் என்பதே அரிய மண் தனிமங்களின் பாஸ்பேட்! தோரியமும் சேர்ந்தது. அணுசக்திச் சட்டத்தின்கீழ் வரும் பொருள் என்பதால் அனுமதி இல்லாமல் பையில் அள்ளிக்கொண்டு வரும் விஷயமும் இல்லை.

ஆர்செனிக் சேர்ந்து வருவது கந்தகத் தாதுக்களோடு. தங்கத்தோடு ஆர்சினோபைரைட் வரும். கர்நாடகத்தின் ஹட்டி தங்கச் சுரங்கப் பாறையில் அது உண்டு. போலந்தின் ஸ்வோத்தி ஸ்டோக் பழைய சுரங்கத்தில் ஒரு காலத்தில் ஆர்செனிக்கையே தோண்டி எடுத்தார்கள். அந்தப் பாறைச் சுவர்களில் ஒட்டியிருந்த படலத்திலிருந்து ஆர்செனிக் தாங்கும் பாக்டீரியாக்களைப் பிரித்திருக்கிறார்கள். சுரங்க மாதிரிதான் வேண்டும் என்றால் துறைத்தலைவர் கையெழுத்தோடு நிர்வாகத்துக்குக் கடிதம் போட்டு, பதில் வந்த பிறகு ரயில் டிக்கெட் எடுங்கள். சிலர் முன்பதிவு செய்துவிட்டு அனுமதிக்காகக் காத்திருக்கிறார்கள். செமஸ்டரே அதில் போய்விடும்.

அனுமதி கிடைக்காவிட்டாலும் தலைப்பைக் கைவிட வேண்டாம். ஆர்ஸ்சி, ஆர்ஸ்பி போன்றவற்றை உண்டாக்கும் ஆர்ஸ் மரபணுக்கள் மாசே இல்லாத மண்ணிலும் பரவலாக இருக்கின்றன. ஆய்வகத்தில் எல்லோரும் வைத்திருக்கும் ஈ.கோலை கே-12 வகைக்கே அது உண்டு. பழையாற்றுப் படிவு, மணக்குடிக் காயல் சேறு, செம்பு-குரோமியம்-ஆர்செனிக் கலவை ஏற்றிய பழைய மரக்கம்பத்தின் அடிமண் என்று மூன்று இடங்களை ஒப்பிட்டால் அதுவே நல்ல கேள்வி. ஏத்தன் வாழைத் தோட்டத்து மண்ணையோ நெல் ஏலாவையோ எடுத்தால், கடைசியாக டிஏபி உரம் எப்போது போட்டார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலும் பாஸ்பேட்.

3. முன்கூட்டியே தேவையானவை

சோடியம் ஆர்செனேட், சோடியம் ஆர்செனைட் இரண்டும் கொடிய நஞ்சு. துறை வழியாகவே வாங்க வேண்டும். பூட்டிய அலமாரியும், எத்தனை கிராம் யார் எடுத்தார் என்ற பதிவேடும் இல்லாத ஆய்வகத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நீங்கள் எடை போடப்போவது கிராம் கணக்கில்.

நைட்ரைல் கையுறை, என்95 முகக்கவசம், புகைக்கூண்டு மூன்றும் கட்டாயம். எடை போடும்போது மேலே சுற்றும் மின்விசிறியை நிறுத்துங்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. வெக்கை தாங்காமல் ஃபேன் ஓடும், தராசில் எண் ஆடும், வெள்ளைத் தூள் மேசை முழுக்கப் பரவியிருக்கும். கர்ப்பமாக இருப்பவர்கள் இந்தப் படியை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும்.

கண்ணாடிப் பாத்திரங்களையும் இப்போதே கவனியுங்கள். சில சோப்புத் தூள்களில் பாஸ்பேட் உண்டு. கழுவியதை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஒரு இரவு ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம். காரணம் 8-ஆவது படியில் வரும்.

4. ஸ்டாக் கரைசல்

ஆர்செனேட்: ஏழு நீர்மூலக்கூறு கொண்ட டைசோடியம் உப்பு 31.2 கிராம், 100 மில்லி நீரில். இது 1 மோலார். ஆர்செனைட்: 1.3 கிராம், 100 மில்லியில். இது 0.1 மோலார்.

ஏன் ஆர்செனைட்டை மட்டும் இவ்வளவு நீர்க்க வைக்கிறோம்? இரண்டு கரைசலுமே காரத்தன்மை உடையவை. அப்படியே ஊடகத்தில் ஊற்றினால் பிஎச் ஏறிவிடும். செல்கள் செத்தது காரத்தால். நோட்டில் எழுதுவதோ ஆர்செனிக்கால். எனவே இரண்டையும் நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலத்தால் 7.2-க்குக் கொண்டுவர வேண்டும். அடர்ந்த ஆர்செனைட்டை இப்படி நடுநிலை ஆக்கினால் ஆர்செனிக் ட்ரைஆக்சைடு அடியில் படியக்கூடும். 0.1 மோலாரில் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டையும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டி, பழுப்புப் புட்டியில் குளிரில் வையுங்கள். ஆர்செனைட் நாளடைவில் காற்றுப் பட்டு ஆர்செனேட்டாக மாறும். புட்டியில் தேதி இல்லையென்றால் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

5. ஊடகம்: நேரத்தை இங்கே செலவழியுங்கள்

நியூட்ரியன்ட் அகார் ஏன் கூடாது? பெப்டோனிலும் ஈஸ்ட் சாறிலும் பாஸ்பேட் நிறைய. வாசலில் பாஸ்பேட் கூட்டமாக நின்றால் ஆர்செனேட்டுக்கு உள்ளே போக வழியில்லை. பாக்டீரியாவுக்கு எந்தத் திறமையும் இல்லாமலே பிழைத்துக்கொள்ளும். அதே சாறுகளில் உள்ள கந்தகச் சேர்மங்கள் ஆர்செனைட்டையும் கட்டிப்போடும்.

சரி, எம்9 கனிம ஊடகம் என்றால்? அதில் பாஸ்பேட் சுமார் 64 மில்லிமோலார். அதில் 10 மில்லிமோலார் ஆர்செனேட் போட்டால் ஒன்றுக்கு ஆறு பங்கு பாஸ்பேட் காவலுக்கு நிற்கிறது. "அக்கா, எல்லாமே வளருது!" என்று ஓடி வருவார்கள். வளராமல் என்ன செய்யும்?

நான் பயன்படுத்துவது டிரிஸ்-லாக்டேட் ஊடகம். ஒரு லிட்டருக்கு: டிரிஸ் 6.06 கிராம், அம்மோனியம் சல்பேட் 1 கிராம், பொட்டாசியம் சல்பேட் 0.5 கிராம், மக்னீசியம் சல்பேட் 0.2 கிராம், கால்சியம் நைட்ரேட் 20 மில்லிகிராம், ஃபெர்ரஸ் சல்பேட் 2 மில்லிகிராம், 60 சதவீத சோடியம் லாக்டேட் 5 மில்லி, டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 17.4 மில்லிகிராம். கடைசியாகச் சொன்னது 0.1 மில்லிமோலார். சல்ஃப்யூரிக் அமிலத்தால் பிஎச் 7.2. தட்டுக்கு அகார் 15 கிராம்.

பட்டியலைப் பாருங்கள், குளோரைடு எங்குமே இல்லை. வேண்டுமென்றேதான்.

இந்த ஊடகத்தில் வளர்ச்சி கஞ்சத்தனமாக இருக்கும். திரவத்தில் லேசான கலங்கல், தட்டில் குண்டூசித் தலை அளவு காலனி. பாஸ்பேட் அவ்வளவுதான் கொடுத்திருக்கிறோம். பார்த்துப் பயந்து ஈஸ்ட் சாறு ஒரு ஸ்பூன் சேர்த்துவிடாதீர்கள்.

ஆட்டோகிளேவ் செய்த அகார் 50 டிகிரிக்கு இறங்கிய பிறகு ஸ்டாக்கைச் சேருங்கள். முதல் சுற்றுக்கு 10 மில்லிமோலார் ஆர்செனேட் அல்லது 1 மில்லிமோலார் ஆர்செனைட். அதே தொகுதியில் ஆர்செனிக் இல்லாத தட்டுகளும் ஊற்ற வேண்டும். அவை இல்லாமல் எந்த எண்ணுக்கும் அர்த்தமில்லை.

6. மாதிரி எடுப்பதும் பரப்புவதும்

தட்டுகள் தயாராகி இரண்டு நாள் மாசின்றி இருந்தால் மட்டும் களத்துக்குப் போங்கள். நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. ஆற்று மாதிரி என்றால் வெள்ளம் வடிந்த பிறகு ஜனவரியில் எடுப்பது நல்லது. புது வெள்ளம் கொண்டுவந்த மேல்மண்ணை ஆற்றுப் படிவு என்று எழுதக்கூடாது.

மேலே 5 சென்டிமீட்டரை ஒதுக்கிவிட்டு, அதற்குக் கீழே 15 வரை சுத்தம் செய்த கரண்டியால் எடுங்கள். ஒரே இடத்தில் மூன்று குழி, மூன்று பை. இடத்திலேயே பிஎச்சும் வெப்பநிலையும் பார்த்து எழுதுங்கள். மண்ணில் ஒரு பங்கை ஆர்செனிக் அளவு பார்க்க வெளியே அனுப்பத் தனியாக வையுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் வைவாவில் முதல் கேள்விக்கே மாட்டுவீர்கள்.

குளிர்பெட்டிக்குப் பெரிய செலவு வேண்டாம், மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டியே போதும். ஆனால் ஒருமுறை குளச்சலில் வாங்கிய மீன் ஐஸை அப்படியே கொட்டி அதன்மேல் பைகளை வைத்துவிட்டேன். நாகர்கோவில் வந்து திறந்தால் ஐஸ் உருகி, ஒரு பையின் ஜிப் வழியே மீன் கழுவிய தண்ணீர் உள்ளே போயிருந்தது. அந்த மண்ணில் என்ன வளர்ந்திருந்தாலும் அது ஆற்றுடையதா அயிலையுடையதா என்று யார் சொல்வது? தூக்கிப் போட்டேன். ஐஸைத் தனிப் பையில் கட்டுங்கள், மாதிரியை இரண்டு பைக்குள் வையுங்கள்.

24 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்குங்கள். 10 கிராம் மண்ணை 90 மில்லி 0.85 சதவீத உப்புக் கரைசலில் அரை மணி நேரம் குலுக்கி, பத்துப் பத்தாக நீர்த்து, 0.1 மில்லி பரப்புங்கள். கைப்பழக்கத்தில் பிபிஎஸ்ஸை எடுக்காதீர்கள். அதில் முதல் "பி"யே பாஸ்பேட்.

திரவத்தில் முதலில் பெருக்கிவிட்டுப் பிறகு பரப்பலாமே என்பார்கள். அப்படிச் செய்தால் வேகமாக வளரும் ஒன்று மற்றவற்றை அமுக்கிவிடும். தட்டு முழுக்க ஒரே முகம்தான் தெரியும்.

30 டிகிரியில் 7 நாள் வையுங்கள். தினம் பாருங்கள். மறுநாளே எதுவும் வரவில்லை என்று தட்டைக் கழுவப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தட்டு காயாமல் இருக்கப் பாலித்தீன் பையில் போட்டுத் தலைகீழாக வையுங்கள். 30 முதல் 300 காலனி உள்ள தட்டை எண்ணி, ஆர்செனிக் தட்டின் எண்ணிக்கையை ஆர்செனிக் இல்லாத தட்டின் எண்ணிக்கையால் வகுத்தால் தாங்கும் பங்கு கிடைக்கும்.

7. தூய்மையாக்கி, உடனே உறையவையுங்கள். பிறகு எல்லையைப் பாருங்கள்

ஒவ்வொரு காலனியையும் ஆர்செனிக் தட்டிலேயே மூன்று முறை கோடிழுங்கள். சாதாரணத் தட்டில் கோடிழுத்துக்கொண்டே போனால், எதிர்ப்பு மரபணு பிளாஸ்மிடில் (முதன்மை டிஎன்ஏவுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) இருக்கும் பட்சத்தில் அது நழுவிப்போகலாம். மூன்றாம் தட்டு சுத்தமானதும் அன்றே 20 சதவீத கிளிசராலில் உறையவையுங்கள். ஐந்தாறு நல்ல வகைகளைத் தட்டில் மட்டும் வைத்திருந்து, மின்வெட்டோடு வந்த ஒரு நீண்ட வார இறுதியில் இழந்தவர்கள் உண்டு.

தாங்கும் எல்லைக்குத் திரவ ஊடகம். இரட்டை அடர்த்தியில் ஊடகம் செய்து, ஸ்டாக்கும் நீரும் சேர்த்து அளவைச் சரிக்கட்டுங்கள். இல்லையென்றால் ஆர்செனிக் கூடக்கூட உணவு குறைந்துகொண்டே போகும். ஆர்செனேட்டுக்கு 0, 5, 10, 25, 50, 100, 200. ஆர்செனைட்டுக்கு 0, 0.5, 1, 2, 5, 10, 20 மில்லிமோலார். மூன்று குழாய் வீதம், 72 மணி நேரம், 600 நானோமீட்டரில் அளவீடு. வளர்ச்சியே இல்லாத மிகக் குறைந்த அளவுதான் எம்ஐசி.

இங்கே இரண்டு பொறிகள்.

டைசோடியம் உப்பு என்பதால் 200 மில்லிமோலார் ஆர்செனேட்டோடு 400 மில்லிமோலார் சோடியமும் உள்ளே போகிறது. கன்னியாகுமரிக் கடல்நீரில் உள்ள சோடியத்துக்குக் கிட்டத்தட்ட சமம். ஆற்று பாக்டீரியா அங்கே நின்றுபோனால் அது உப்புக்கு நின்றதா, ஆர்செனிக்குக்கா? அதே அளவு சோடியம் சல்பேட் போட்ட ஒரு வரிசையையும் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, ஒப்பீட்டுக்கு ஈ.கோலை கே-12. மேலே சொன்னபடி அதற்கே ஆர்ஸ் மரபணுக்கள் உண்டு. எதிர்ப்பற்ற ஒப்பீடு வேண்டுமானால் அந்த மரபணுக்கள் நீக்கிய ஏடபிள்யூ3110 வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

8. எந்தத் திசையில் மாற்றுகிறது: வெள்ளி நைட்ரேட் சோதனை

ஆர்செனைட் 2 மில்லிமோலார் உள்ள திரவத்தில் ஒரு தொகுதி, ஆர்செனேட் உள்ளதில் ஒரு தொகுதி. 48 முதல் 72 மணி நேரம் வளர்த்து, மையவிலக்கில் செல்லைப் பிரித்து, குழிகள் உள்ள மைக்ரோபிளேட் தட்டில் மேல்நீர் 100 மைக்ரோலிட்டரோடு 0.1 மோலார் வெள்ளி நைட்ரேட் 100 மைக்ரோலிட்டர் சேருங்கள். மஞ்சள் வீழ்படிவு வந்தால் ஆர்செனைட், செம்பழுப்பு வந்தால் ஆர்செனேட். ஆர்செனைட் கொடுத்தது செம்பழுப்பானால் ஆக்சிஜனேற்றம். ஆர்செனேட் கொடுத்தது மஞ்சளானால் ஒடுக்கம்.

குளோரைடு இருந்தால் வெள்ளி குளோரைடு வெள்ளையாக வீழ்ந்து எல்லா நிறத்தையும் மறைக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இவ்வளவு தூரம் ஒதுக்கியது இதற்காகத்தான். பாஸ்பேட் இருந்தாலோ அதைவிட மோசம்: வெள்ளி பாஸ்பேட்டின் நிறமும் மஞ்சள். எம்9-இல் வளர்த்து இந்தச் சோதனையைச் செய்தவர்களுக்கு எல்லா பாக்டீரியாவும் "ஒடுக்கும் வகை"யாகிவிடும்.

நிறத்தை ஐந்து நிமிடத்துக்குள் பாருங்கள். வெளிச்சத்தில் வெள்ளி தானாகவே கறுக்கும், ஜன்னலோரத் தட்டு எல்லாம் செம்பழுப்பு மாதிரித் தெரியும். செல் போடாத ஊடகக் குழி, வெறும் ஆர்செனைட் குழி, வெறும் ஆர்செனேட் குழி மூன்றும் அதே தட்டில் இருக்க வேண்டும்.

அளவாகச் சொல்ல மாலிப்டினம் நீல முறைக்குப் போனாலும் தப்ப முடியாது. அதில் பாஸ்பேட்டும் ஆர்செனேட்டும் ஒரே நீலம். செல் இல்லாத ஊடகத்தின் அளவைக் கழித்தே ஆக வேண்டும்.

9. பெயர் வைப்பது

இது கடைசி வேலை. வந்த காலனி எல்லாவற்றுக்கும் முதல் வாரமே 16எஸ் (பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் மரபணு) வரிசைக்குப் பணம் கட்டாதீர்கள். எல்லைச் சோதனையும் வெள்ளிச் சோதனையும் தாண்டிய நான்கைந்துக்குப் போதும். 27எஃப், 1492ஆர் பிரைமர்கள், இரு பக்கமும் வாசிப்பு. ஏற்கெனவே பெயரிட்ட இனங்களோடு ஒப்புமை 98.7 சதவீதத்துக்குக் கீழே என்றால் புதிய இனமாக இருக்கலாம். அதற்கு மேல் என்றாலும் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது மரியாதை.

அறிக்கையில் "ஆர்செனிக்கை அழிக்கிறது" என்று எழுதாதீர்கள். தனிமத்தை எந்தப் பாக்டீரியாவும் அழிக்காது. ஒடுக்கும் வகையாக இருந்தால், நஞ்சு அதிகமான, மண்ணில் எளிதாக நகரும் வடிவத்தை உண்டாக்குகிறது. அதை வயலில் விட்டு மண்ணைச் சுத்தம் செய்யலாம் என்று முடிவுரை எழுதுவது தலைகீழ்.

10. கழிவு

பேசின் குழாயில் ஒரு சொட்டும் போகக்கூடாது. 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகள் கல்லூரி ஆய்வகத்துக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள். தட்டு, டிப், கையுறை எல்லாம் "ஆர்செனிக்" என்று தமிழிலும் எழுதி ஒட்டிய மூடிய வாளியில் சேர வேண்டும். கூட்டிப் பெருக்க வரும் அக்காவுக்கும் அது படிக்கத் தெரிய வேண்டும். மற்றத் தட்டுகளோடு சேர்த்து ஆட்டோகிளேவில் ஏற்றாதீர்கள். பிளீச்சிங் ஊற்றும் பழக்கமும் வேண்டாம், ஊடகத்தில் உள்ள அம்மோனியத்தோடு சேர்ந்து குளோரமின் புகை வரும். அமிலக் கழிவுப் புட்டிக்குள் அலுமினியத் தாளோ துத்தநாகமோ விழுந்தால் ஆர்சின் வாயு உண்டாகும். அது உயிரை எடுக்கும்.

திரவத்தைத் தனிப் புட்டியில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் துறை வழியாக ஒப்படையுங்கள். அதுவரை அளவைக் குறைக்க, வழிகாட்டி உடன் இருக்கும்போது, ஃபெர்ரிக் குளோரைடு சேர்த்து பிஎச் 6-7-இல் ஆர்செனேட்டை இரும்போடு படியவைக்கலாம். ஆர்செனைட் இதில் அவ்வளவாகப் படியாது. அப்புறம் இந்தப் புட்டியில் எம்9 மிச்சத்தையோ பிபிஎஸ்ஸையோ ஊற்றிவிடாதீர்கள். இரும்பில் ஒட்டிக்கொள்ளும் இடத்துக்கு ஆர்செனேட்டோடு பாஸ்பேட்டும் போட்டி போடும், படிந்திருக்க வேண்டிய ஆர்செனிக் மேல்நீரிலேயே நிற்கும்.